சாமான் பாதி, தரை பாதி

சித்திரை, வைகாசியில் நுங்குக் கடை போடுகிற இடத்தில், கண் மூன்றும் காலியான காய்கள் குவிந்து கிடக்கும். மாட்டுக்கு நறுக்கிப் போட யாராவது அள்ளிப் போவதற்குள் பிள்ளைகள் புகுந்து நல்லதாக இரண்டைப் பொறுக்கிவிடுவார்கள். ஒரு முழக் குச்சியின் இரு முனையிலும் காய்க்கு ஒன்றாகக் குத்திச் செருகினால் சக்கரமும் அச்சும் ஆயிற்று. நுனியில் கவை பிரிந்த நீளக் கம்பு ஒன்றை வெட்டி, கவையை அச்சின் நடுவில் வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி. இரண்டு காயும் ஒரே பருமனில் அமைவது அபூர்வம். ஒன்று பெரிதாக இருந்துவிட்டால் வண்டி சின்னக் காயின் பக்கமே ஒடித்துக்கொண்டு போகும். ஓட்டுகிற பிள்ளை ஓட்டத்தை நிறுத்தாமல் கவையை அச்சில் இப்படியும் அப்படியும் நகர்த்தி அதை நேராக்க வேண்டும். நாலைந்து நாளில் காய் வற்றிச் சுருங்கும், அச்சு ஆட்டம் காணும், வண்டி தெருவோரத்துக்குப் போய்விடும்.

ஓட்டுகிறவர் நின்றால் வண்டியும் நிற்கும். சிறு குழந்தைகளை ஓடியாட வைக்கும் விளையாட்டுச் சாமான்களைப் பற்றி எவ்வளவு பேசினாலும் கடைசியில் இந்த ஒரு குணத்தில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. சாமான் எவ்வளவு குறைவாக வேலை செய்கிறதோ, குழந்தை அவ்வளவு கூடுதலாக வேலை செய்கிறது. பேட்டரி கார் இதற்கு நேர் எதிர். குழந்தை அதில் உட்கார்ந்து காலால் ஒரு சுவிட்சை மிதிக்கிறது, மோட்டார் ஓடுகிறது, பின்னால் ரிமோட்டைப் பிடித்தபடி அப்பா நடக்கிறார். அன்றைய மாலையில் உடற்பயிற்சி செய்தவர் அப்பாதான்.

இதில் ‘ஓடியாடுவது’ என்றால் எவ்வளவு? உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒரு வயது நிரம்பிய குழந்தை நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் ஏதாவது ஒரு வகையில் உடலை அசைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறது அது. மூன்று, நான்கு வயதில் அந்த 180இல் 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு இருக்க வேண்டும். தள்ளுவண்டியிலோ நாற்காலியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குழந்தையைக் கட்டிப்போட்டு வைக்கக் கூடாது. மூன்று மணி நேரம் என்றதும் பெற்றோருக்கு மலைப்பாக இருக்கும். ஆனால் அது நாள் முழுக்கச் சிந்திச் சிதறிக் கிடக்கும் நேரம். திண்ணையில் ஏறி இறங்குவது, கோழியைத் துரத்துவது, வாளியில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றுவது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். சிக்கல் அந்த 60 நிமிடத்தில்தான். மூச்சு வாங்க ஓடுவதற்கு இடம் வேண்டும், ஓடுவதற்கு ஒரு காரணமும் வேண்டும். சாமானின் வேலை அந்தக் காரணத்தைக் கொடுப்பது. அதற்கு மேல் அது எதுவும் செய்யத் தேவையில்லை.

நடக்கப் பழகும் வயதிலிருந்தே பார்க்கலாம். அமெரிக்க உளவியலாளர் கேரன் அடால்ஃபும் அவருடைய குழுவினரும் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தம்போக்கில் விளையாடுவதைப் படம்பிடித்து, அடி அடியாக எண்ணி 2012இல் வெளியிட்டார்கள். சராசரியாக ஒரு மணி நேரத்தில் 2,368 அடி, 17 விழுகை. நடை என்பது யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை, இப்படி ஆயிரக்கணக்கில் வைத்த அடிகளின் வழியாக வருவது என்பதே அந்த எண்களின் பொருள். அப்படியானால் அடிகளைக் கூட்டுகிற சாமான் நல்லது, குறைக்கிற சாமான் கெட்டது என்று எளிதாகப் பிரித்துவிடலாம்.

நம் ஊர் நடைவண்டி கூட்டுகிற வகை. மூன்று மரச் சக்கரம், ஒரு சட்டம், குழந்தையின் நெஞ்சுயரத்தில் ஒரு குறுக்குக் கட்டை. உருட்டும்போது டக டகவென்று தட்டும் மரத்துண்டு சிலவற்றில் இருக்கும். அடி வைத்தால் சத்தம், நின்றால் மௌனம் என்பதைக் குழந்தை சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். பழைய சாமான்தான். பட்டினப்பாலையில் சோழநாட்டுச் செல்வத்தைச் சொல்லும் இடத்தில், அகன்ற முற்றத்தில் உலர்த்திய தானியத்தைக் கொத்த வரும் கோழியின் மேல் பெண்கள் கனமான காதணியைக் கழற்றி வீசுகிறார்கள். அது போய்க் குதிரையில்லாமல் பிள்ளைகள் உருட்டும் முக்காற் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. உரையாசிரியர்கள் செல்வச் செழிப்பைப் பார்ப்பார்கள். என் கண் முற்றத்தில் நிற்கிறது. தேர் உருள்வதற்கு அங்கே தரை இருந்தது.

தரையை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், நடைவண்டியைப் பற்றி இன்றைய வீடுகளில் எழும் புகார் எல்லாம் உண்மையில் தரையைப் பற்றியது. குழந்தை அதன் மேல் முன்பக்கமாகச் சாய்ந்துதான் அடி வைக்கும். உடல் எடையில் ஒரு பங்கு குறுக்குக் கட்டையில் இறங்கும். மண் தரையில் சக்கரம் கொஞ்சம் புதையும், மணல் அதைப் பிடித்துக்கொள்ளும், வண்டி குழந்தையின் அடிக்கு ஏற்றபடி மட்டுமே நகரும். அதே வண்டியைப் பளபளக்கும் டைல்ஸ் தரையில் வைத்தால் பிடிமானம் எதுவும் கிடையாது. சாய்ந்த உடனே வண்டி முன்னால் ஓடிவிடும், குழந்தை முகம் குப்புற விழும். நடைவண்டி ஆபத்தானது என்று பரணில் ஏற்றிவிடுவார்கள். வெளியே இறக்கினால் தீரும் பிரச்சினை அது. வெளியே இடமே இல்லை என்றால், சட்டத்தின் அடியில் சிறு மணல் பை ஒன்றைக் கட்டிக் கனம் ஏற்றலாம். சாக்ஸ் இல்லாமல் வெறுங்காலோடு விடலாம்.

அதற்குப் பதிலாக வாங்கப்படுவது, குழந்தையை நடுவில் உட்கார வைத்துச் சுற்றிலும் சக்கரம் வைத்த வாக்கர். பெயர்தான் நடை. குழந்தை துணி இருக்கையில் தொங்கிக்கொண்டு நுனிக்காலால் தரையை உந்துகிறது. தன் எடையைத் தானே தாங்க வேண்டியதில்லை, தன் கால் எங்கே படுகிறது என்று பார்க்கவும் தட்டு மறைக்கிறது. வேகமோ அதன் வயதுக்கு மீறியது: வினாடிக்கு மூன்றடிக்கு மேல் நகர முடியும். அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை வாக்கரால் காயம்பட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 15 மாதத்துக்குட்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 2 லட்சத்து 30 ஆயிரம் பேர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நான்கில் மூன்று பங்கு மாடிப்படியில் உருண்டவை. கனடா 2004இலேயே இதன் விற்பனையையும் இறக்குமதியையும் தடைசெய்துவிட்டது. நம் கடைகளில் இன்றும் பாட்டுப் பாடிக்கொண்டு விற்கிறது. எட்டு மாதத்தில் வாக்கர் வாங்கும் அவசரத்துக்கு ஒரு தகவல் போதும். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் தொகுத்த கணக்கின்படி, நலமான குழந்தை பிடிமானமில்லாமல் நடக்கத் தொடங்கும் காலம் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை பத்தாம் மாதத்தில் நடந்துவிட்டது என்பது உங்கள் குழந்தையைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

சைக்கிளிலும் இதே கதை. இரண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் பொருத்திய சைக்கிளைத்தான் மூன்று வயதுக்கு வாங்குகிறோம். சைக்கிள் ஓட்டுவதில் கடினமான பகுதி பெடல் மிதிப்பது கிடையாது, சாயும்போது நிமிர்வது. சாய்கிற பக்கமே கைப்பிடியைக் கொஞ்சம் திருப்பினால்தான் வண்டி நிமிரும். இது வாயால் சொல்லிப் புரியாது, உடம்புக்குத் தெரிய வேண்டும். பக்கச் சக்கரம் சைக்கிளைச் சாயவே விடாது. ஆகவே எந்தப் பாடத்துக்காக வாங்கினோமோ அந்தப் பாடம் மட்டும் நடப்பதில்லை. இரண்டு வருடம் கழித்து அதைக் கழற்றும் நாளில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பெடலே இல்லாமல் காலால் உந்திப் போகும் பேலன்ஸ் சைக்கிள் இப்போது பெருநகரக் கடைகளில் கிடைக்கிறது. புதுமை போலத் தெரிந்தாலும் சைக்கிள் பிறந்ததே அப்படித்தான். 1817இல் கார்ல் டிரைஸ் ஜெர்மனியின் மான்ஹைமில் ஓட்டிக் காட்டிய மர இருசக்கர வண்டிக்குப் பெடல் கிடையாது; அது 1860களில்தான் சேர்ந்தது. கடை விலை கையைக் கடித்தால், சின்னச் சைக்கிள் ஒன்றின் பக்கச் சக்கரங்களையும் பெடல்களையும் கழற்றி, இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியும் அளவுக்கு இருக்கையை இறக்கிவிட்டால் அதே வேலை ஆகும். இடது பெடலின் மரை மட்டும் தலைகீழ். வழக்கமான பக்கம் திருகினால் இறுகிக்கொண்டே போகும்; ஸ்பேனரை எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். குழந்தை முதலில் நடக்கும், பிறகு ஓடும், ஒருநாள் சிறு சரிவில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு மிதக்கும். அன்றைக்குப் பெடலை மாட்டிவிடலாம்.

டயர் வண்டி ஐந்து வயதை ஒட்டி வருவது. பழைய சைக்கிள் டயர், ஒரு சாண் குச்சி. ஓடும் டயருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. இடப்பக்கம் சாய்ந்தால் தானாகவே இடப்பக்கம் திரும்பி விழாமல் தப்பித்துக்கொள்ளும். சுழற்சி வேகம் இருக்கும்வரைதான் அந்தச் சாமர்த்தியம். வேகம் குறைந்தால் தள்ளாடி, வட்டமடித்துச் சாய்ந்துவிடும். எனவே பின்னால் ஓடிக்கொண்டே குச்சியால் தட்டிக்கொண்டிருக்க வேண்டும், திருப்ப வேண்டுமானால் பக்கவாட்டில் லேசாக உரச வேண்டும். கண் டயரில், கால் பாதையில், கை குச்சியில். உடற்பயிற்சி ஆசிரியர் திட்டமிட்டு வகுத்தாலும் இவ்வளவு நேர்த்தியாக ஒரு பயிற்சி அமையாது என்பது என் கருத்து. ஆனால் விளையாடி முடித்த டயரைக் கொல்லையில் சாத்தி வைத்து மறந்துவிடக் கூடாது. மழைநீர் தேங்கும் பழைய டயர், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்தமான தொட்டில். அதன் முட்டை டயரின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துத் துடைத்து மழை படாத இடத்தில் ஆணியில் மாட்ட வேண்டும்.

பந்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அளவைப் பற்றி மட்டும் கொஞ்சம். இரண்டு வயதில் குழந்தை உதைக்கும். பெரிய பந்தைத் தூக்கிப் போட்டால் பெரும்பாலும் பிடித்துவிடும் திறமை நான்கு வயதை ஒட்டித்தான் வருகிறது. அதற்கு முன்பே டென்னிஸ் பந்தை எறிந்து ‘பிடி, பிடி’ என்றால் அது முகத்தில் பட்டு, பந்தைக் கண்டாலே கண்ணை மூடுகிற பழக்கம்தான் மிஞ்சும். காற்றைக் குறைவாக அடைத்த பெரிய பந்தோ, பழந்துணியைச் சுருட்டித் தைத்த பந்தோ மெதுவாக வரும், வலிக்காது. மூன்று வயதுக்குக் கீழே, ஏறக்குறைய 44 மில்லிமீட்டருக்குக் குறைந்த விட்டமுள்ள பந்து எதையும் கையில் தரக் கூடாது. தொண்டையை அடைக்கும் அளவு அது. கோலிக்குண்டு அந்த வயதுக்கு ஆகாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. கடையில் வாங்கும் சாமானில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் விளையாட்டுப் பொருள்களுக்கு அது கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொருள்களுக்கு விலக்கு உண்டு.

இதையெல்லாம் மொட்டைமாடிக் கொட்டகையிலோ பெரிய கூடத்திலோ வைத்து விளையாடினால் ஆகாதா என்று கேட்கலாம். கால்களுக்கு ஆகும். கண்களுக்கு ஆகாது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஆறு பள்ளிகளில் மட்டும் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே போன பள்ளிகளில் 30.4 சதவீதம். முடிவு 2015இல் வெளியானது. விளக்கெரியும் அறையில் சில நூறு லக்ஸ் ஒளி இருந்தால் அதிகம். வெளியில் வெயில் நேரத்தில் அது பத்தாயிரத்தைத் தாண்டும், வேப்பமர நிழலில்கூட அறையைவிடப் பல மடங்கு. அந்த வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்து, கிட்டப்பார்வையைக் கொண்டுவரும் விழிக்கோள நீட்சியைத் தடுக்கிறது என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். உச்சி வெயிலில் நிற்க வைக்கத் தேவையில்லை. காலை பத்துக்கு முன்பும் மாலை நாலுக்குப் பின்பும் நம் ஊரில் தாராளமாக வெளிச்சம் இருக்கிறது. பூங்காவின் இரும்புச் சறுக்கு மட்டும் நாலு மணிக்கும் சுடும். உட்கார வைக்கும் முன் தொட்டுப் பாருங்கள்.

ஆக, சாமான் மலிவு. சில சமயம் சும்மாவே கிடைக்கிறது. பஞ்சம் தரைக்குத்தான். தமிழ்நாட்டின் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுபவர்கள் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளிக்கென்று உள்ளாட்சிக்கு ஒப்படைத்தாக வேண்டும். அப்படிக் கிடைத்த இடம் பூங்காவாகும்போது என்ன நடக்கிறது என்று எந்த நகரத்திலும் மாலை நேரத்தில் பார்க்கலாம். சுற்றிலும் நடைபாதை, நடுவில் யாரும் மிதிக்கக் கூடாத புல்வெளி, மூலையில் இரண்டு ஊஞ்சல், பந்து விளையாடத் தடை என்று ஒரு பலகை. பெரியவர்களின் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆன இடம் அது. குழந்தை அங்கே விருந்தாளி. அடுக்குமாடி வளாகங்களில் நிலைமை இன்னும் மோசம். எஞ்சிய மண்ணையும் பேவர் பிளாக் பதித்து மூடி, அதில் கார் நிறுத்தக் கோடு போட்டுவிடுகிறார்கள். தமிழகத்தின் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகளுக்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்றொரு பாடத்திட்டம் இருக்கிறது. தலைப்பே பாதி வேலையைச் செய்கிறது. மீதிக்கு முற்றம் வேண்டும், வாடகை அறையில் இயங்கும் மையத்தில் அதை எங்கே தேடுவது?

இருக்கிற இடமும் எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. பிள்ளைத்தமிழில் ஆண்பாலுக்குக் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர்; பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். ஆண் குழந்தை சிற்றில் என்னும் மணல் வீட்டைச் சிதைக்கவும் தேர் உருட்டவும் தெருவில் திரிகிறது; பெண் குழந்தை பெரும்பாலும் உட்கார்ந்த இடத்தில் காயை மேலே வீசிப் பிடிக்கிறது. கழங்காடுவது கண்ணுக்கும் கைக்கும் அருமையான பயிற்சிதான், மூச்சு வாங்காது, அவ்வளவே. அந்தப் பிரிவினை இன்றும் பொம்மைக் கடையின் இளஞ்சிவப்பு அலமாரியில் அப்படியே இருக்கிறது: அண்ணனுக்குப் பந்தும் சைக்கிளும், தங்கைக்குச் சமையல் செட். நான்கு வயதில் இருவரின் காலும் நுரையீரலும் கேட்பது ஒன்றைத்தான்.

ஒரு குடியிருப்புச் சங்கம் மனம் வைத்தால், பேவர் பிளாக் போடாமல் பத்தடிக்குப் பத்தடி விட்டுவிடலாம். அதில் கொட்டுவதற்குக் கட்டடத்தில் மீந்த எம்-சாண்டைப் பயன்படுத்த வேண்டாம். கல்லை உடைத்து அரைத்த தூள் அது, முனை கூராக இருக்கும், பறக்கும் நுண்துகள் நுரையீரலுக்குக் கேடு. சலித்த ஆற்று மணல் ஒரு சாண் ஆழம் போதும். இரவில் நாயும் பூனையும் அசுத்தம் செய்யாமல் தார்ப்பாயால் மூடிவைக்க வேண்டும். மண்ணில் விளையாடினால் பூச்சி வரும் என்று பாட்டிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மலம் கலந்த மண்ணிலிருக்கும் கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலின் தோல் வழியாகவே உள்ளே போகும். உருண்டைப்புழுவின் முட்டை நக இடுக்கில் ஏறி வாய்க்கு வரும். அதற்காகக் குழந்தையை வீட்டுக்குள் பூட்ட வேண்டியதில்லை. நகத்தை ஒட்ட வெட்டி, விளையாடி வந்ததும் சோப்புப் போட்டுக் கை கால் கழுவ வைக்க வேண்டும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கும் குடற்புழு நீக்க முகாமில் ஒரு வயது முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் மாத்திரையை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் இலவசமாகத் தருகிறார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரை மாத்திரை, நன்றாகப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து.